துவாரத்தின் அளவே முதல் கேள்வி: மாட்டிப் பார்த்த 6 கூட்டுப்பெட்டிகள்

பறவைகளுக்கான கூட்டுப்பெட்டி என்ற பெயரில் இன்று கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் கிடைக்கும் பொருள்களில் பெரும்பாலானவை, எந்தப் பறவைக்காகச் செய்யப்பட்டவை என்ற விவரமே இல்லாமல் விற்கப்படுகின்றன. திருச்சிராப்பள்ளியின் புறநகரில், ஒரு முருங்கை, இரண்டு கொய்யா, ஒரு பவழமல்லி, மருதாணி வேலி, கிணற்றடியில் சில வாழைகள் என்று அமைந்த எங்கள் வீட்டுத் தோட்டத்தில், 2021 முதல் 6 வகைப் பெட்டிகளை விலைக்கு வாங்கியும் செய்யச் சொல்லியும் மாட்டிப் பார்த்திருக்கிறேன். அவற்றுள் நான்கிலிருந்து குஞ்சுகள் வளர்ந்து பறந்து சென்றன. ஒன்றில் குஞ்சுகள் இறந்தன. ஒன்றில் எந்தப் பறவையும் அலகைக்கூட நுழைக்கவில்லை. இந்த வேறுபாடு தற்செயலாக நேர்ந்ததன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது; அந்தக் காரணங்கள் பெட்டி வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதாலேயே இதை விரிவாக எழுதுகிறேன்.

தோட்டத்துக்கு வரும் எல்லாப் பறவைகளும் பெட்டிக்குள் கூடு கட்டுவதில்லை என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. தையல்சிட்டு அகன்ற இலைகளை நாரும் சிலந்தி நூலும் கொண்டு தைத்து அதற்குள் முட்டையிடும். தேன்சிட்டு கொடியிலோ கம்பியிலோ பை போலத் தொங்கும் கூட்டைக் கட்டும். சின்னான் புதருக்குள் கிண்ணம் போன்ற கூட்டை அமைக்கும். தவிட்டுக்குருவியும் புள்ளிப்புறாவும் காகமும் கிளைகளையே நாடும். தூக்கணாங்குருவி தன் கூட்டைத் தானே முடைந்துகொள்ளும். இவற்றுக்காக எவ்வளவு அழகான பெட்டியை வாங்கி மாட்டினாலும் பயனில்லை. வேலியையும் புதரையும் ஒட்ட வெட்டாமல் விட்டுவைப்பதே இவற்றுக்கு நாம் செய்யக்கூடிய உதவி. மரப்பொந்திலும் சுவர்ப் புரையிலும் கூடு கட்டும் பறவைகளே பெட்டியை ஏற்கும். நம் சமவெளித் தோட்டங்களில் அவை சிட்டுக்குருவி, குண்டுகரிச்சான், மைனா, பச்சைக்கிளி, புள்ளி ஆந்தை என்ற சிறிய பட்டியலுக்குள் ஏறத்தாழ அடங்கிவிடும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் வசிப்பவர்கள் பட்டாணிக் குருவியையும் சேர்த்துக்கொள்ளலாம். மரங்கொத்தியும் செம்மார்புக் குக்குறுவானும் பொந்துவாழ் பறவைகளே என்றாலும், தமக்கு வேண்டிய பொந்தைத் தாமே குடைந்துகொள்ளும். பட்டுப்போன கிளை ஒன்றை வெட்டாமல் விட்டால் அவற்றுக்கு அதுவே போதும்.

என் நோக்கம் சிட்டுக்குருவியும் குண்டுகரிச்சானும் ஆகும். சிட்டுக்குருவிக்கு ஓட்டு வீட்டின் இறவாணமும், உத்தரத்துக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்தும், சாமி படத்தின் பின்புறமும் ஒரு காலத்தில் வீடாக இருந்தன. எங்கள் தாத்தா வீட்டுத் தாழ்வாரத்தில் அறுவடைக்குப் பின் நெற்கதிர்களைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். குருவிகள் அதில் வந்து தொற்றிக்கொண்டு நெல்லை உரித்துத் தின்பதைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். இன்றைய கான்கிரீட் வீட்டில் அத்தகைய சந்து எதுவும் இல்லை. கைப்பேசிக் கோபுரங்களே குருவிகளை அழித்தன என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் 2020-ல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை அதற்குச் சான்று இல்லை என்கிறது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்றும், பெருநகரங்களில்தான் குறைந்துவருகிறது என்றும் அது கூறுகிறது. கூடு கட்ட இடமின்மையும் குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சிகள் இன்மையுமே நகரங்களில் காரணமாக இருக்கக்கூடும் எனும்போது, சரியான பெட்டி ஒன்றை மாட்டுவது வெறும் அலங்காரம் ஆகாது.

முதலில் வாங்கியது இணைய அங்காடி ஒன்றில் 399 ரூபாய்க்கு வந்த பெட்டி. படத்தில் அது கூம்புக் கூரையும் வெள்ளைச் சட்டமும் கொண்ட சிறு வீடு போல மிக அழகாக இருந்தது. ‘இயற்கை மரம்’ என்று விவரத்தில் குறிப்பிட்டிருந்தார்கள். கையில் வாங்கிப் பார்த்தபோது அது மர இழைகளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை என்று தெரிந்தது. கனம் 5 மி.மீ. இருக்கும். அளவுகோலை வைத்துப் பார்த்தபோது துவாரத்தின் விட்டம் 50 மி.மீ. இருந்தது. துவாரத்துக்குக் கீழே பறவை உட்காருவதற்கென்று ஒரு குச்சியும் செருகப்பட்டிருந்தது. அப்போது இவற்றின் பொருள் எனக்கு விளங்கவில்லை. போர்ட்டிகோவின் தூணில் மாட்டினேன். பத்து நாட்களுக்குள் ஒரு சிட்டுக்குருவி இணை வந்து புல்லும் நூலும் கொண்டுவந்து சேர்க்கத் தொடங்கியது. அடுத்த வாரமே இரண்டு மைனாக்கள் அந்தக் குச்சியில் வந்து அமர்ந்து, உள்ளே இருந்த புல்லை எல்லாம் இழுத்து வெளியே போட்டுவிட்டு, இடத்தைத் தமதாக்கிக்கொண்டன. மைனாக்களும் அங்கே குஞ்சு பொரித்தன என்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் குழாய் முனை, சுவர் ஓட்டை, விளம்பரப் பலகையின் உட்புறம் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் குடியேறத் தெரிந்த மைனாவுக்கு நம் உதவி தேவையே இல்லை. அந்தப் பெட்டியால் பலன் இழந்தது குருவிதான்.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் துவாரத்தின் அளவைப் பற்றித் தேடிப் படித்தேன். சிட்டுக்குருவிக்கு 32 மி.மீ. விட்டம் போதும்; அதாவது ஒன்றே கால் அங்குலம். அந்த அளவில் குருவி தடையின்றி நுழையும், மைனாவால் தோளை நுழைக்க முடியாது. பட்டாணிக் குருவிக்கு 28 மி.மீ. போதும். 45 மி.மீ. அளவைத் தாண்டும்போது மைனாவுக்கு வழி திறந்துவிடுகிறது. பிரிட்டனில் தோட்டப் பறவைகளுக்கான பெட்டிகளை நீண்ட காலமாக இந்தத் துவார அளவுகளை வைத்தே வகைப்படுத்துகிறார்கள். அங்கே சிட்டுக்குருவிக்குச் சொல்லப்படும் 32 மி.மீ. நமக்கும் அப்படியே பொருந்துவதற்குக் காரணம், அங்கும் இங்கும் இருப்பது ஒரே இனக் குருவி என்பதுதான். துவாரத்துக்குக் கீழே செருகும் குச்சி எந்தப் பொந்துவாழ் பறவைக்கும் தேவையில்லை. குருவி துவாரத்தின் விளிம்பைக் கால்களால் பற்றிக்கொண்டு நேரே உள்ளே போய்விடும்; குச்சி பயன்படுவதெல்லாம் முட்டையும் குஞ்சும் தேடிவரும் காகத்துக்கும் வால்காக்கைக்கும்தான். குச்சியோடு வரும் பெட்டியை வாங்க நேர்ந்தால் அதை முதலில் அறுத்து எறிந்துவிடுங்கள்.

இந்தப் பெட்டியின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி மழை தொடங்கிய இரண்டாவது வாரத்தில் பலகைகளின் ஓரங்கள் ஊறிப் பருத்தன. கார்த்திகையில் அடிப்பலகை தனியே கழன்று விழுந்தது. அப்போது உள்ளே குஞ்சுகள் இல்லை என்பது ஒன்றே ஆறுதல். உடைந்த பாகங்களை எடுத்தபோது, பலகைகளை இணைத்த ஆணிகளில் இரண்டின் கூர்முனைகள் உட்புறமாக நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். வெறும் தோற்றத்துக்காகச் செய்யப்பட்ட பொருள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இதை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவதாக வாங்கியது தேங்காய் நாரால் பின்னிய, பந்து போன்ற தொங்கும் கூடு. இரண்டு சேர்ந்து 250 ரூபாய். இது உண்மையில் கூண்டில் வளர்க்கும் சிறு பறவைகளுக்காகச் செய்யப்படுவது. இணையத்தில் பறவைக்கூடு என்று தேடினால் முதல் பக்கத்தில் வரும் பல பொருள்கள் இப்படிப்பட்டவைதாம். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்களுக்கான பெட்டிகளும் பானைகளும் தோட்டத்துப் பறவைகளுக்கானவை போலக் காட்டப்படுகின்றன. காற்றில் ஆடும் எதையும் சிட்டுக்குருவி எளிதில் நம்புவதில்லை. எட்டு மாதங்கள் தொங்கியும் அவற்றை எந்தப் பறவையும் ஏற்கவில்லை. அணில்கள் மட்டும் நாரைப் பிய்த்துக் கொண்டுபோய் முருங்கையின் கவட்டில் தம் கூட்டை அமைத்துக்கொண்டன.

மூன்றாவது, கைவினைப் பொருள் கண்காட்சி ஒன்றில் குயவர் ஒருவரிடமே நேரில் வாங்கிய மண்கலயம். 180 ரூபாய். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நம் ஊர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் விலைக்குக் கிடைப்பவற்றில் வேறு இல்லை என்பது என் கருத்து. கனமான சுட்ட மண் விரைவில் சூடேறுவதில்லை, மழையில் ஊறி உப்புவதில்லை, கரையான் அரிப்பதில்லை. நான் வாங்கியது பக்கவாட்டில் துவாரமும், மேலே தனியாகக் கழற்றக்கூடிய மூடியும், அடியில் நீர் வடிய மூன்று சிறு துளைகளும் கொண்டது. துவாரம் 40 மி.மீ. இருந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது அந்தக் குயவர், சூளையில் வைப்பதற்கு முன்பே துவாரத்தை வெட்டிவிடுவதால் காய்ந்து சுடும்போது அது சுருங்கும் என்றும், எந்த அளவு வேண்டும் என்று முன்கூட்டிச் சொன்னால் சுருக்கத்தையும் கணக்கிட்டு வெட்டித் தர முடியும் என்றும் விளக்கினார். இணைய விற்பனையாளர் எவரிடமும் கிடைக்காத பதில் இது. அவர் சொன்னபடியே, துவாரத்தின் உள்விளிம்பில் மெல்லிய களிமண் வளையம் ஒன்றைச் சுண்ணாம்புக் கலவையால் ஒட்டி அதை 32 மி.மீ. அளவுக்குக் குறைத்துக்கொண்டேன்.

முதலில் கயிற்றில் தொங்கவிட்டபோது கலயம் ஆடிக்கொண்டே இருந்தது. குருவிகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பின. பிறகு இரும்புப் பட்டையால் வளையம் செய்து, போர்ட்டிகோவின் உட்சுவரில் தரையிலிருந்து ஏறத்தாழ 9 அடி உயரத்தில் அசையாமல் பொருத்தினேன். 2022 மாசியில் ஆண்குருவி ஒன்று துவாரத்தின் முன் அமர்ந்து நாள் முழுவதும் கத்தத் தொடங்கியது. இடம் பிடித்துவிட்டேன் என்று பெண்குருவிக்கு அறிவிக்கும் முறை அது. பங்குனி முடிவதற்குள் முதல் ஈட்டுக் குஞ்சுகள் பறந்தன. வழக்கமாக 3 முதல் 5 முட்டைகள் வரை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து ஏறக்குறைய இரண்டு வாரங்களில் பொரிக்கும். மேலும் இரண்டு வாரங்களில் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேறும். அதே இணை அந்த ஆண்டில் மேலும் இரு முறை அங்கே குஞ்சு பொரித்தது. இந்தக் கலயத்தின் குறை ஒன்றுதான்: உட்புறம் வழவழப்பாக இருந்தால் குஞ்சுகளால் துவாரம் வரை ஏற முடியாது. ஆகவே உட்சுவர் சொரசொரப்பாக இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தே வாங்க வேண்டும். மூடி இல்லாமல் ஒரே உருவாகச் செய்த கலயங்களும் விற்கப்படுகின்றன. அவற்றைத் தூய்மை செய்ய வழியில்லை என்பதால் தவிர்ப்பது நல்லது.

நான்காவதைப் பற்றி எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. செடி விற்கும் பண்ணை ஒன்றில், பச்சை வண்ணம் பூசிய தகரக் கூரையும் பிளாஸ்டிக் உடலும் கொண்ட பெட்டியை 550 ரூபாய்க்கு வாங்கினேன். துவாரம் 35 மி.மீ. இருந்ததால் மைனா நுழையாது என்ற நிறைவில் மற்றவற்றை நான் கவனிக்கவில்லை. போர்ட்டிகோவில் ஏற்கெனவே கலயம் இருந்ததால், இதை வீட்டின் மேற்குச் சுவரில் நிழல் இல்லாத இடத்தில் மாட்டினேன். அப்போது அது தை மாதம். வெயிலின் கடுமை என் நினைவில் இல்லை. சித்திரைக் கடைசியில் குருவிகள் அதில் குஞ்சு பொரித்தன. அக்கினி நட்சத்திர நாட்களில் திருச்சியின் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். பிற்பகல் முழுவதும் வெயில் விழும் தகரக் கூரைக்குக் கீழே அது எவ்வளவாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது. ஒரு மாலையில் தாய்க்குருவி அலகில் புழுவுடன் துவாரத்தில் வந்து அமர்ந்து, உள்ளே போகாமல் நெடுநேரம் அங்கேயே இருந்தது. மறுநாள் திறந்து பார்த்தபோது நான்கு குஞ்சுகளும் இறந்து கிடந்தன. மேற்குச் சுவரில் மாட்டியது என் பிழை. ஆனால் தகரமும் பிளாஸ்டிக்கும் கொண்டு, ஒரு காற்றுத் துளைகூட இல்லாமல், நம் நாட்டில் விற்பதற்கென்று இப்படி ஒன்றைச் செய்தது செய்தவர்களின் பிழை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தகரக் கூரையோ பிளாஸ்டிக் உடலோ கொண்ட பெட்டியை வாங்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பெட்டியாக இருந்தாலும் வடக்கு அல்லது கிழக்கு நோக்கி, சன்ஷேடுக்கு அடியிலோ போர்ட்டிகோவின் உட்புறத்திலோ மாட்ட வேண்டும். உச்சி வெயிலும் பிற்பகல் வெயிலும் அதன்மேல் விழவே கூடாது. மாட்ட நினைக்கும் இடத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு நம் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

இதன்பின் கடையில் வாங்குவதை விட்டுவிட்டு, எங்கள் தெருவில் கதவு ஜன்னல் வேலை செய்யும் ஆசாரியிடம் சென்றேன். ஐந்தாவது பெட்டி அவர் செய்து தந்தது. பழைய ஜன்னல் சட்டங்களில் மிஞ்சிய வேப்பம்பலகையை 18 மி.மீ. கனத்தில் இழைத்து, தரைப்பரப்பு 15 செ.மீ. சதுரமாகவும், துவாரத்தின் கீழ்விளிம்பிலிருந்து அடிப்பலகை வரை 13 செ.மீ. ஆழமாகவும் அமைக்கச் சொன்னேன். ஆழம் குறைந்தால் பூனையும் காகமும் உள்ளே எட்டிக் குஞ்சைப் பற்றிவிடும். பூட்டுப் பொருத்துவதற்காகக் கதவில் வட்டம் வெட்டும் ஹோல்சா அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அதில் 32 மி.மீ. அளவும் இருந்ததால் துவாரம் பிசிறின்றி அமைந்தது. கூரையை முன்பக்கம் 5 செ.மீ. நீட்டிச் சரிவாக வைத்தார். பக்கச் சுவர்களின் மேல்புறத்தில் காற்றுக்காக இரண்டிரண்டு துளைகள், அடிப்பலகையின் நான்கு மூலைகளிலும் நீர் வடியத் துளைகள், ஒரு பக்கச் சுவர் கீலில் திறக்கும்படி ஒரு கொக்கி ஆகியவற்றையும் செய்தார். முன்பலகையின் உட்புறத்தை இழைக்காமல் விடுங்கள், குஞ்சுகள் பற்றி ஏற வேண்டும் என்றபோது, அவர் உளியால் அதில் குறுக்குக் கோடுகளை வரிசையாகக் கீறித் தந்தார். அது நான் சொல்லாமல் அவராகச் செய்தது. உட்புறத்தில் எந்தப் பூச்சும் இல்லை. வெளிப்புறத்தில் மட்டும் ஆளிவிதை எண்ணெயைத் தடவி இரண்டு வாரங்கள் வாசனை போகக் காயவைத்தோம். கூலியும் பொருளும் சேர்த்து 650 ரூபாய் ஆனது.

இணையத்தில் வாங்கியதைவிட 251 ரூபாய் கூடுதல். ஆனால் முதல் பெட்டி ஒரு மழைக்காலத்தைத் தாங்கவில்லை. இது மூன்று வடகிழக்குப் பருவமழைகளைக் கடந்தும் ஓர் இணைப்புக்கூட இளகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் இதில் குருவிகள் குஞ்சு பொரித்திருக்கின்றன. சிட்டுக்குருவி கூட்டமாக வாழும் பறவை என்பதால், மூன்றடி இடைவெளியில் இரண்டாவது பெட்டி ஒன்றையும் அதே அளவில் செய்து மாட்டினோம். அதையும் வேறோர் இணை ஏற்றுக்கொண்டது. இந்த ஐந்தாவது பெட்டியில் நேர்ந்த ஒரே தொல்லை அணிலால் வந்தது. துவாரத்தின் விளிம்பை அது கொறித்துப் பெரிதாக்கத் தொடங்கியது. ஆசாரி ஒரு சிறிய அலுமினியத் தகட்டில் அதே அளவுத் துவாரம் வெட்டி முன்பலகையின்மேல் திருகாணியால் பொருத்தினார். பறவையின் கால் படும் ஓரத்தை அரத்தால் மழுக்கினால் தகட்டால் தீங்கு இல்லை. இவ்வளவும் செய்ய ஆசாரி கிடைக்காதவர்கள் தளரத் தேவையில்லை. மழை படாத தாழ்வாரத்துக்குள், கனமான அட்டைப்பெட்டியில் 32 மி.மீ. துவாரம் வெட்டிச் சுவரோடு அசையாமல் பொருத்தினாலும் குருவி ஏற்கும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக மாற்றினால் போதும். சென்னையில் கூடுகள் அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளுக்கு மரக்கூடு செய்யக் கற்றுத்தருகிறது. பிள்ளைகள் கையால் செய்து தம் வீட்டிலேயே மாட்டும் கூடு பராமரிக்கப்படும் என்பது என் நம்பிக்கை.

ஆறாவது பெட்டி குண்டுகரிச்சானுக்கானது. இதைக் கடைகளில் நான் எங்கும் பார்த்ததில்லை. வட்டத் துவாரம் உள்ள பெட்டி மட்டுமே பறவைப்பெட்டி என்று விற்பவர்களும் வாங்குபவர்களும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குண்டுகரிச்சான் இருண்ட பொந்தைவிடச் சுவர்ப் புரை, முறிந்த மரத்தின் அகன்ற குழிவு போன்ற இடங்களையே விரும்பும். ஆகவே முன்பலகையின் கீழ்ப்பாதியை மட்டும் வைத்து மேல்பாதியைத் திறந்தே விட வேண்டும். அதே ஆசாரி 500 ரூபாய்க்குச் செய்து தந்தார். முதல் ஆண்டு அதைக் கொய்யா மரத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியதால் வெறுமையாகவே கிடந்தது. அடுத்த ஆண்டு கிணற்றுச் சுவரின் கிழக்குப் பக்கத்தில், சங்குப்பூக் கொடி படர்ந்து பாதி மறைத்திருந்த இடத்துக்கு, தரையிலிருந்து 7 அடி உயரத்துக்கு மாற்றினேன். பங்குனியில் பெண்பறவை மெல்லிய வேர்களையும் சருகுகளையும் கொண்டுவந்தது. இந்த இனத்தில் கூடு கட்டுவதும் அடைகாப்பதும் பெண்ணின் வேலை. ஆண் மின்கம்பியின் உச்சியில் அமர்ந்து விடியலுக்கு முன்பே பாடத் தொடங்கிவிடும். நீலமும் பச்சையும் கலந்த வெளிர்நிறத்தில் பழுப்புப் புள்ளிகள் கொண்ட நான்கு முட்டைகளைக் கைப்பேசியைக் கொடிக்கு மேல் நீட்டி ஒரே ஒரு முறை படமெடுத்துப் பார்த்தோம். அதன்பின் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டோம். கிணற்றடியில் துணி துவைப்பதையும் மூன்று வாரங்களுக்கு மேல் வீட்டின் பின்புறத்துக்கு மாற்றிக்கொண்டோம். 2020-ல் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தக்குடியில், தெருவிளக்கின் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டதற்காக ஊரே ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கு எரிக்காமல் இருட்டில் நடந்ததே, அதை நினைத்தால் எங்களுடையது ஒரு சிரமமே ஆகாது.

திறந்த பெட்டியில் ஆபத்தும் மிகுதி. பூனையும் கொம்பேறிமூக்கனும் எளிதில் எட்டக்கூடும். ஏறுவதற்கு அருகில் கிளை இல்லாத சுவரும், பறவைக்கு மட்டும் வழிவிடும் கொடியும் அமைந்த இடம் இல்லையென்றால் இந்த வகையை மாட்டாமல் இருப்பதே நல்லது. குண்டுகரிச்சான் தன் எல்லைக்குள் வேறோர் இணையை அனுமதிக்காது என்பதால் ஒரு சிறு தோட்டத்துக்கு ஒரு பெட்டிக்கு மேல் தேவையுமில்லை.

பச்சைக்கிளிக்கும் புள்ளி ஆந்தைக்கும் பெரிய மரங்களும் மிகப் பெரிய பெட்டிகளும் வேண்டும். எங்கள் தோட்டத்தில் அதற்கு இடமில்லாததால் அவற்றைப் பற்றி மதிப்பீடு சொல்ல எனக்குத் தகுதியில்லை. பச்சைக்கிளி பெட்டிக்கு வந்தால் பிடித்து வளர்க்கலாம் என்று ஓர் உறவினர் சொன்னார். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்பதை அவருக்குச் சொன்னதுபோல இங்கும் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியை விற்பவர்கள் சொல்லாமல் விடும் இன்னொன்று பராமரிப்பு. ஒவ்வோர் ஈடு பறந்த பிறகும், அடுத்த முட்டைகள் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பழைய கூட்டை எடுத்துவிட வேண்டும். உண்ணியும் பேனும் அதில் தங்கிவிடும். கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு கூட்டை அகற்றிவிட்டு, கொதிநீரை ஊற்றிக் கழுவி வெயிலில் உலர்த்தினால் போதும். பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது. தோட்டத்திலும் அதே விதிதான். பெரிய குருவி தானியம் தின்னும் என்றாலும் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியும். கத்தரியில் ஒரு புழுகூட இல்லாமல் மருந்தடித்துவிட்டுப் பக்கத்திலேயே பெட்டியை மாட்டினால், அது பட்டினி கிடக்கவைக்கும் வீடாகிவிடும். வீட்டுக்குள் மாட்ட நினைப்பவர்கள் மின்விசிறி இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுழலும் விசிறியில் அடிபட்டு இறக்கும் குருவிகளைப் பழைய வீடுகளில் வாழ்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆறில் மறுபடியும் பணம் கொடுத்து வாங்குவேன் என்று சொல்லக்கூடியவை மூன்று: மூடியுள்ள மண்கலயம், ஆசாரி செய்த வேப்பம்பெட்டி, முன்புறம் பாதி திறந்த பெட்டி. கடையில் வாங்குவதானால், தோற்றத்தைப் பார்ப்பதற்கு முன் துவாரத்தின் விட்டம் என்ன, பலகையின் கனம் என்ன, எந்தப் பக்கம் திறக்கும், நீர் எங்கே வடியும் என்று கேளுங்கள். ஓர் அளவுகோலையும் கையோடு கொண்டுபோங்கள். துவாரம் பெரிதாக இருப்பது ஒன்றே குறை என்றால், 32 மி.மீ. வட்டம் வெட்டிய பலகைத்துண்டை முன்புறம் பொருத்திச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் மெல்லிய பலகையையும் தகரக் கூரையையும் சரிசெய்ய வழியில்லை. மாட்டுவதற்கு ஏற்ற காலம் மார்கழிக் கடைசி. மழை ஓய்ந்து, குருவிகள் இடம் தேடத் தொடங்கும் தை, மாசிக்கு முன்பே பெட்டி அங்கே இருந்து அவற்றின் கண்ணுக்குப் பழகிவிடும். சில பெட்டிகளை ஓராண்டு கழித்தே பறவைகள் ஏற்கும். அதுவரை வாரத்துக்கு ஓரிடமாக மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். எங்கள் இரண்டாவது வேப்பம்பெட்டி 14 மாதங்கள் வெறுமையாக இருந்து, பின்னர் ஒரு காலையில் அதன் துவாரத்தில் ஒரு துண்டு வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது.